லேபிள் ஏறிய குடும்பம்

“லேபிள்ல பதினேழு வியாதி இருக்கு, பெரியப்பா. அதுல பதினாறை எடுக்கணும்.”

சொல்லியாகிவிட்டது. மாடி ஆபீஸில் டீயை வாய்க்குக் கொண்டுபோன பெரியப்பாவின் கை பாதி வழியில் நின்றது. ஜன்னலோரம் அட்டைப்பெட்டி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்டிக்கர் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் தம்பி, அதாவது மாமா, சுருளை அப்படியே மடியில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

வேலையில் சேர்ந்த அன்றே அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். “பெரியப்பாகிட்ட லீவு கேளு, தப்பில்ல. சம்பளம் கூட்டிக் கேளு, திட்டுவாரு, ஆனா குடுப்பாரு. லேபிள் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாதடி. குடும்பமே ரெண்டாப் போயிடும்.”

ஒன்றரை வருஷம் வாயைத் திறக்காமல்தான் இருந்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும்.

குடும்பத்தில் அவளுக்குப் பெயர் டிகிரி. டிகிரி எழுந்துட்டாளா, டிகிரி சாப்பிட்டாளா, டிகிரி ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கா என்றுதான் பேச்சு. மூன்று தலைமுறையில் யாரும் வாங்காத சாமான் ஒன்றை வாங்கி வந்துவிட்டதால், சாமானின் பெயரையே ஆளுக்கும் வைத்துவிட்டார்கள். தாவர வேதியியல் படித்தாள். படித்து முடித்த மறுவாரமே பெரியப்பா கூப்பிட்டு, “வெளிய எவன்கிட்டயோ போய் நிப்பியா? நம்ம சிரப் கம்பெனி இருக்கு” என்று ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார். கோட்டின் கை முழங்கை வரைதான் வந்தது. அதற்கு முன்னால் அதைப் போட்டிருந்தவர் குள்ளம்.

கம்பெனி என்றால் கீழே ஒரு நீள அறை, மேலே இந்த ஆபீஸ். கீழே ஒரு கோடியில் ஸ்டீல் கொப்பரை. அதன் பக்கத்தில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நீளத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருப்பவர் அவளுடைய அப்பா. பெரியப்பாவின் தம்பி. இருபத்திரண்டு வருஷமாகக் கிண்டுகிறார். மறு கோடியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் மேசை, ஒட்டுவதற்கு வேலைக்கு வருகிற ஓர் அக்கா. நடுவில், தட்டுத் தட்டாகக் காயும் சிரப்புக்கான செடி, நீர்ப்பிரமி.

நீர்ப்பிரமி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எப்போதும் ஈரம் நிற்கிற சேற்றில் படர்ந்து கிடக்கும். தடித்த குட்டி இலை, சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. வெளுத்த பூ. ஆனால் ஓர் இலையைக் கடித்தால் கசப்பு நாக்கோடு நிற்காது. காது வரை ஏறி, காதுக்குள் உட்கார்ந்துகொண்டு யோசிக்கும். கடைசி வருஷம் முழுக்க அவள் அந்தச் செடியோடுதான் குடித்தனம் நடத்தினாள். ஞாபக சக்திக்குக் கொஞ்சம் உதவலாம், அதுவும் தினமும் சாப்பிட்டு, பொறுமையாக மூன்று மாதம் காத்திருந்தால், அதுவும் எல்லாருக்கும் இல்லை. அவள் படித்த வரையில் நம்பிக்கையாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்கு வயிறு புரட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதை மட்டும் லேபிளில் போட யாரும் முன்வரவில்லை.

முதல் லேபிளில் ‘ஞாபக சக்திக்கு’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்ததாம். அதன் பிறகு அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, மூட்டு வலி வந்தது. இரண்டு மாதம் சிரப் குடித்தாள், வலி போய்விட்டது. அந்த இரண்டாவது மாதம்தான் அவள் மூன்றாவது மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தரைத்தள வீட்டுக்குக் குடிபோனாள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த லேபிளில் ‘மூட்டு வலி’ ஏறியது. ஆரம்பித்தது அங்கேதான். சொந்தத்தில் யாருக்கு என்ன வந்து, எப்படிப் போனாலும், போன வியாதி லேபிளில் ஏறும். அதற்கென்று குடும்பத்தில் ஒரு சொல்லே உண்டாகிவிட்டது: லேபிள் ஏறுவது. “அவ போன வருஷமே லேபிள் ஏறிட்டாளே” என்றால் அவள் வீட்டு மனுஷி ஆகிவிட்டாள் என்று அர்த்தம். ஏறாதவர்கள் விருந்தாளிகள்.

மாமாவுக்கு வழுக்கை. சிரப்பை எடுத்துத் தலையில் தேய்த்தார். எறும்புதான் வந்தது. ஆனால் பெண்டாட்டியின் தம்பியை எப்படி விட முடியும்? ‘கூந்தல் வளர்ச்சி’ என்று போட்டார்கள். “யாரோட கூந்தல்னு போடலையே” என்று பெரியப்பாவே அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்.

எட்டு மாதம் முன்பு ஏறியவர் அப்பா. சர்க்கரை நோய்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டைப் பார்த்த பெரியப்பா, “வீட்டுல மருந்துக் கொப்பரையே கொதிக்குது, கண்டவன் மாத்திரை எதுக்குடா?” என்று கேட்டார். அண்ணன் கேட்டுவிட்டார் என்றால் அப்பாவுக்கு அது கேள்வி இல்லை. மாத்திரை அட்டையை அலமாரி மேல் வைத்தார். அந்த மாதமே ‘சர்க்கரை நோய்’ லேபிளில் ஏறியது. அப்பா அந்த பாட்டிலை டீக்கடைக்காரரிடமும், தெருமுனைத் தையல்காரரிடமும், தெரியாத ஒரு பஸ் கண்டக்டரிடமும் காட்டினார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று கண்டக்டர் சொன்னபோது விரலை வைத்துக் காட்டினார்.

அப்பாவின் கொப்பரையில் ஒரு கிலோ சிரப்புக்கு அறுநூறு கிராம் சர்க்கரை போகிறது. கொட்டுவதே அப்பாதான். இப்போது குதிகாலில் செருப்புக் கடித்த புண் ஒன்று இரண்டு மாதமாக ஆறாமல் இருக்கிறது. துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, பார்ப்பவர்களிடம் “புதுச் செருப்பு” என்கிறார். செருப்பு வாங்கி ஒரு வருஷம் ஆகிறது.

அவளுக்கு இன்று அந்தக் கோபம்தான். அதோடு இன்னொன்றும் இருந்தது: மேசை மேல் கிடந்த லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவம். லேபிளில் உள்ள ஒவ்வொரு பயனுக்கும் எழுத்துப்பூர்வ ஆதாரம் பார்த்தேன் என்று, பட்டம் படித்த தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் உரிம ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். பொறுப்பாளர் அவள்தான். பையில் உரிம ஆபீஸுக்கு எழுதிய ஒரு கடிதமும் வைத்திருந்தாள்: ‘நான் இந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.’ தேதி போடவில்லை. படிவமா கடிதமா என்பதை இங்கே இருப்பவர்கள் சொல்வதைப் பொறுத்து முடிவு செய்வது என்று வந்திருந்தாள்.

பெரியப்பா டீயைக் கீழே வைத்தார். “கீழ கொப்பரையை அணைச்சுட்டு நம்ம வீட்டு ஆளுங்க எல்லாரையும் மேல வரச் சொல்லு. உங்க அத்தைக்கும் போன் போடு. இதை நான் ஒருத்தனா கேட்டா என் காது வெடிச்சிடும்.”

இருபது நிமிஷத்தில் அப்பா, அம்மா என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். அத்தை மாடிப்படி ஏறும்போதே, “அய்யோ முட்டி” என்று இரண்டு முறை சொன்னாள். மேலே வந்து, தன்னுடைய மூட்டு வலியையும் சேர்த்துத்தான் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் உட்காராமல் நின்றாள்.

“என் முட்டி சரியாப் போச்சுன்னு நான் சொல்றேன். உனக்கு என்ன வந்துச்சு?”

“இப்ப ஏறும்போது அய்யோன்னது யாரு அத்தே?”

“அது படியோட தப்பு.”

“அப்ப லேபிள்ல ‘படி இல்லாத வீட்டுக்கு மட்டும்’னு போடுங்க.”

“பாருங்கண்ணே இவ வாயை! ஒரு டிகிரிக்கே இப்படின்னா ரெண்டாவது வாங்கினா நம்மை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிக் காயப் போட்டுடுவா.”

பெரியப்பாவின் மருமகள், அண்ணி, கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம். நல்ல ஆரோக்கியம். அதுதான் அவளுக்கு இந்த வீட்டில் பெரிய குறை. ஜலதோஷம்கூட அவளிடம் ஒரு நாளுக்கு மேல் தங்காது. போன மாதம் ஒருவழியாக ஒற்றைத் தலைவலி மாதிரி ஏதோ வந்து, சிரப் குடித்து, போய்விட்டிருந்தது. பதினெட்டாவதாக ஏறக் காத்திருந்தாள்.

“மூணு வருஷம் பொறுத்திருந்து எனக்குன்னு ஒண்ணு வர்ற நேரத்துல கடையை மூடறீங்களே” என்றாள். “உங்களுக்கென்ன, எல்லாரும் ஏறிட்டீங்க.”

“அண்ணி, இது பஸ் இல்ல.”

“ஏறினவங்களுக்கு அப்படித்தான் தோணும்.”

பெரியப்பா கையை உயர்த்தினார். உயர்த்தினால் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். கொப்பரை ஆள்களிலிருந்து குழந்தைகள் வரை அந்தப் பழக்கம் உண்டு. அவள் மட்டும் நிறுத்தவில்லை.

“பெரியப்பா, செடி நல்ல செடி. நான் குறை சொல்லலை. அதால ஒண்ணுதான் முடியும். அதுக்கு மேல பதினாறு வியாதியை ஏத்தி அது முதுகை ஒடிச்சு வச்சிருக்கீங்க. இந்த ஃபாரத்தில கையெழுத்துப் போட்டா, பதினேழுக்கும் ஆதாரம் இருக்குன்னு நான் சொல்றதா ஆகும். பசி எடுக்காம இருக்கறது, கூச்சம், கண் துடிக்கறது... கண் துடிக்கறதுக்கு எந்தப் புத்தகத்துல பெரியப்பா ஆதாரம்?”

“உங்க பெரியம்மாவோட கண்ணுதான் ஆதாரம். இப்பத் துடிக்குதா, கேட்டுப் பாரு.”

மாமா பெட்டி மேலிருந்து இறங்கினார். அவருக்கு ஒரு நுணுக்கம் பிடிபட்டுவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “அத்தான், ஒண்ணு கவனிச்சீங்களா? பதினாறை எடுக்கணும்கறா. விட்டு வைக்கற அந்த ஒண்ணு எது?”

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் புது லேபிள் பெரிதாக்கி ஒட்டியிருந்தது. முதல் வரி, ‘ஞாபக சக்திக்கு’. பக்கத்திலேயே பட்டமளிப்பு அங்கி போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவளுடைய படம். கீழே: ‘எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, எங்கள் சிரப் அருந்தியவர்.’ இத்தனை வருஷம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த அந்த முதல் வரியை, பட்டம் வாங்கிய அன்றே அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவளைக் கேட்கவில்லை.

“அவளோடதை மட்டும் வச்சுக்கிட்டு நம்மளோடதை எல்லாம் தூக்கறா” என்றாள் அத்தை. “படிச்சவங்க புத்தி.”

“படிச்சது யாரு அத்தே?” அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. பஸ் நிறுத்தத்தில், குளியலறை வாசலில், சமையல் மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டு படித்த மூன்று வருஷம் கண்முன் வந்தது. அத்தனையும் ஒரு ஸ்பூன் சிரப்பின் கணக்கில் போய்விட்டது. “என்னோடதையும் எடுங்க. முதல்ல அதை எடுங்க. நான் அந்தச் சிரப்பைக் குடிச்சதே இல்ல.”

அம்மா தலையை நிமிர்த்தினாள். மூன்று வருஷம், தினமும் காலையில், ஸ்பூனும் கையுமாக அவள் பின்னால் நடந்தது அம்மாதான்.

“என்னடி சொல்றே? நான்தான வாயில ஊத்தினேன்.”

“வாயிலதான்மா ஊத்தினே. நான் வாஷ்பேசின் வரைக்கும் வாயிலயே வச்சிருந்தேன்.”

“மூணு வருஷமுமா?”

“பரிட்சை நாள்ல ரெண்டு ஸ்பூன்.”

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதுதான் அவளைக் குத்தியது. மற்றதை எல்லாம் தாங்கலாம். மாமா மட்டும் மெதுவாக, “அதான் உங்க வீட்டு வாஷ்பேசின் இத்தனை வருஷமா அடைச்சுக்கலையா? அத்தான், குழாய் அடைப்புக்கும்...” என்று ஆரம்பித்தார். பெரியப்பா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

இதற்கு மேல் பேச்சு உதவாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையைத் திறந்து, முந்தாநாள் வாங்கிய சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்து மேசையில் வைத்தாள். கூடவே ஊசிப் பொட்டலம், பஞ்சு.

“அப்பா, கையைக் குடுங்க.”

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையசைத்தார். கையைக் கொடுத்தார்.

குத்தியபோது அப்பா முகம் சுளிக்கவில்லை. கொப்பரை தெறித்துத் தெறித்துக் காய்த்துப்போன விரல். கருவி ஐந்து வினாடி யோசித்தது. முந்நூற்று முப்பத்தெட்டு.

“சாப்பிட்டதுக்கப்புறம் பார்த்தா கொஞ்சம் கூடத்தான் இருக்கும்” என்றாள். “இவ்வளவு இருக்கக் கூடாது. இது மாத்திரையை நிறுத்தி எட்டு மாசம் சிரப் குடிச்ச உடம்பு.”

“மெஷின் எங்க வாங்கினே?” என்றார் பெரியப்பா.

“மருந்துக்கடையில.”

“தள்ளுபடியிலயா?”

“பெரியப்பா...”

“இல்லம்மா, நான் நியாயத்தைக் கேக்கறேன். மெஷினுக்கு நம்ம குடும்பம் பழக்கமில்ல. எடுத்த உடனே பெரிய நம்பரைக் காட்டி மிரட்டுது. என் கையில வை. நான் மூணு வேளையும் குடிக்கறவன். எனக்குச் சரியாக் காட்டிச்சுன்னா மெஷின் சரி. இல்லேன்னா தூக்கிக் குப்பையில போடு.” சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டார். விரல் நுனியில் குத்துவதற்கு எதற்கு முழங்கை என்று யாரும் கேட்கவில்லை.

புது ஊசியை மாட்டிக் குத்தினாள். இருநூற்று எழுபத்து நான்கு.

பெரியப்பா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். “தலைகீழாப் பிடிச்சிருக்கே” என்றார்.

திருப்பிக் காட்டினாள். தலைகீழாக அது எண்ணாகவே இல்லை.

“ஒரு கை பார்த்தா போதாது” என்று அத்தை முன்னால் வந்தாள். இருநூற்று நாற்பத்தாறு. அத்தை உடனே உட்கார்ந்துவிட்டாள், முட்டியைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு மெஷினைப் பொய்யாக்குவது குடும்ப கௌரவமாகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அண்ணி நின்றாள். தொண்ணூற்றாறு.

“அப்படீன்னா?”

“ஒண்ணும் இல்ல அண்ணி. சுத்தமா இருக்கு.”

“இதுலயும் எனக்கு ஒண்ணும் இல்லையா!” என்று அண்ணி அழுதேவிட்டாள். அம்மாதான் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கடைசியாக மாமா. அவருக்கு வர விருப்பமில்லை. டீ குடிக்கணும் என்றார், போன் வருகிறது என்றார். பெரியப்பா இழுத்து உட்கார வைத்தார். நூற்றிரண்டு.

அந்த நம்பர் என்ன சொல்கிறது என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“நீ குடிக்கறதில்லையா?” என்றார் பெரியப்பா.

“நான் தலைக்குத்தான அத்தான்...”

“போன மீட்டிங்ல தினமும் ஆறு ஸ்பூன்னு சொன்னியேடா! கடை கடையாப் போய், நானே குடிக்கறேன்னு சொல்லித்தான வித்தே!”

“கசக்குது அத்தான்” என்றார் மாமா, குழந்தை மாதிரி. “அவ்வளவு சர்க்கரை போட்டும் கசக்குது.”

பெரியப்பா எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபோது மறுபடி முதலாளி ஆகியிருந்தார். “சரி. படிச்ச பொண்ணு கேட்டுட்டா. நாமளும் விட்டுக் குடுக்கணும்.” சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சுவர் லேபிளிடம் போனார்.

கூந்தல் வளர்ச்சியிடம் பேனா நின்றது. மாமா, “அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?” என்றார். பேனா நகர்ந்தது. மூட்டு வலியிடம் நின்றது. அத்தை மூக்கை உறிஞ்சினாள். நகர்ந்தது. சர்க்கரை நோயிடம் வந்தது.

“அண்ணே” என்றார் அப்பா.

அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். “அதை மட்டும் விட்டுருங்கண்ணே. போர்டுல என் பேர் கிடையாது. லெட்டர்பேட்ல கிடையாது. நான் கேட்டதும் இல்ல. இந்த இடத்துல என்னோடதுன்னு இருக்கறது அந்த ஒரு வரிதான்.”

“அப்பா, அது உங்க பேர் இல்லப்பா. உங்க வியாதி.”

“இருக்கட்டும்மா. என்னோடதுதான.”

பெரியப்பா அவள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, பொய்யான கலக்கம் இல்லை, அதுதான் கொடுமை. “பார்த்தியா? என் தம்பி மனசை என்னால உடைக்க முடியாது.” பேனா விறுவிறுவென்று மேலே போய், எதிர்த்துப் பேச ஆள் இல்லாத ஒரே வரியை அடித்தது. ஞாபக சக்தி. “இவ குடிக்கலையாம். அதனால இது பொய். பொய்யை நாம வச்சுக்கறதில்ல.” அந்த இடத்திலேயே, அழகான கையெழுத்தில், ‘ஒற்றைத் தலைவலி’ என்று எழுதினார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனாரின் காலைத் தொடப் போனாள். அவர் தடுத்தார்.

பதினேழு. செடியால் கொஞ்சமாவது முடிந்த ஒன்றை எடுத்தாகிவிட்டது. முடியாத பதினேழும் பத்திரமாக இருந்தன.

“இந்தா” என்று படிவத்தையும் பேனாவையும் அவள் முன் தள்ளினார். “உனக்கும் ஒரு மரியாதை பண்ணியாச்சு. போடு.”

அவள் பேனாவை வாங்கினாள். பையிலிருந்த கடிதத்தை எடுத்தாள். அன்றைய தேதியைப் போட்டாள், கீழே கையெழுத்துப் போட்டாள், மடித்து மறுபடி பையில் வைத்தாள். படிவத்தை அப்படியே விட்டுவிட்டாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். யாருக்கும் புரிவதற்கு முன்னால் படி இறங்கிவிட்டாள்.

பாதிப் படியில் பின்னால் செருப்புச் சத்தம். பெரியப்பா. மூச்சு வாங்கியது. திட்டப்போகிறார் என்று நின்றாள். அவர் மேலே ஒருமுறை பார்த்தார், கீழே ஒருமுறை பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மாத்திரை... உங்கப்பனுக்கு எழுதினானே டாக்டர்... அது எனக்கும் ஆகுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். “டாக்டரைப் பார்க்காம ஆகாது பெரியப்பா. நாளைக்குக் காலைல போய்ப் பாருங்க. ரத்தம் எடுத்துப் பார்த்து அவர் சொல்லுவார்.”

“போறேன் போறேன். உங்கப்பன்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவன் என்னைப் பெருசா நினைச்சுக்கிட்டிருக்கான்.”

அவள் ஒரு வினாடி யோசித்தாள். ஒரு வினாடிதான். பிறகு மேலே பார்த்து, கீழே லேபிள் மேசை வரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

“அப்பா! பெரியப்பா நாளைக்கு டாக்டர்கிட்ட போறாராம்! மாத்திரை சாப்பிடப் போறாராம்!”

“அடிப்பாவி” என்றார் பெரியப்பா.

மேலே கைப்பிடிக் கம்பிக்கு மேல் அப்பாவின் தலை வந்தது. “அண்ணன் போறாரா?”

“ஆமாப்பா. தனியாப் போக ஒரு மாதிரி இருக்காம்.”

“தனியா எப்படி விடறது?” அப்பா பதறிவிட்டார். “நானும் வர்றேண்ணே. அந்தச் சீட்டு பத்திரமா அலமாரி மேலதான் இருக்கு. அப்படியே இந்தப் புண்ணையும் காட்டிட்டு வந்துடறேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

பெரியப்பா அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். பிறகு மேலே பார்த்து, வேறு வழியில்லாமல், “எட்டு மணிக்கு வந்துடு” என்றார். சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதே படியில் உட்கார்ந்தார். இப்போது கொஞ்சம் வயதானவராகத் தெரிந்தார். “ஆச்சா? உங்கப்பனைக் காப்பாத்திட்டே. வீட்டு விஷயம் வீட்டோட முடிஞ்சுது. மேல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”

“இன்னும் முடியலை பெரியப்பா.”

“இன்னும் என்னடி?”

“நீங்க போறீங்கன்னதும் அப்பா போறாரு. பாட்டிலை வாங்கிட்டுப் போய் மாத்திரையைத் தூக்கி அலமாரியில வைக்கறவங்க எத்தனை பேர்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு அண்ணனுக்கு நான் எங்க போவேன்?”

பெரியப்பா கீழே கொப்பரை இருந்த பக்கம் பார்த்தார். “நீ இல்லேன்னா கொப்பரையைப் பத்த வைக்க முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும். வேற பொறுப்பாளர் கிடைக்கற வரைக்கும் முடியாது. லேபிளைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடற ஆள் கிடைக்கறது கஷ்டம்.”

லேபிள் மேசையைத் தாண்டும்போது ஒட்டிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிர்ந்தாள். கை நிறையப் பசை. மாடியில் நடந்தது முழுக்கக் காதில் விழுந்திருந்தது.

“நாளைக்கு எதை ஒட்டணும் பாப்பா?”

“நாளைக்கு ஒண்ணும் ஒட்ட வேண்டியிருக்காதுக்கா.”

“அப்ப என் வேலை?”

“ஒரே ஒரு வரி போட்ட லேபிள் வந்தா ஒட்டுங்க. வரலேன்னா என்னைத் திட்டுங்க.”

“ரெண்டையும் செய்யறேன்” என்றாள் அக்கா.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. மணி நாலு பத்து. உரிம ஆபீஸ் கவுன்ட்டரில் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கதவைச் சாத்திவிடுவார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து, நிறுத்தத்தில் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸை நோக்கி ஓடினாள்.